மாவு மில்லில் அரைத்த தாது: ஜாம்பாரா கிராமங்கள் தரும் பாடம்

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாட்டின் வடமேற்குப் பகுதியில் ஜாம்பாரா என்ற மாநிலம் உள்ளது. சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியவை அங்கு முக்கியப் பயிர்கள். பெரும்பாலும் மானாவாரிச் சாகுபடிதான். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே மழை பெய்யும். மற்ற மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும். "விவசாயமே எங்கள் பெருமை" என்பது அம்மாநிலத்தின் அடைமொழி.

அந்த மாநிலத்தில் 2010-ம் ஆண்டு சில மாதங்களுக்குள் குறைந்தது 400 குழந்தைகள் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் 5 வயது நிரம்பாதவர்கள். முதலில் மலேரியாக் காய்ச்சல் என்றே பெற்றோர் நினைத்தனர். ஆனால் காரணம் கொசுவிலும் இல்லை, காய்ச்சலிலும் இல்லை. குழந்தைகள் தவழ்ந்து விளையாடிய வீட்டு முற்றத்து மண்ணில் இருந்தது. சுரங்கத் தாதுவிலிருந்து வந்த காரீயம் அந்த மண்ணில் கலந்திருந்தது.

சிறு விவசாயிகளின் வீடுகளில் நடந்த இந்தத் துயரம் எப்படி நேர்ந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதை விவசாயிகள் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

மழையில்லாக் கால வருமானம்

ஜாம்பாராவின் பாறைகளில் தங்கம் ஓடும் இழைகள் உண்டு. நீண்ட காலமாகவே அங்குள்ள விவசாயிகள் அறுவடை முடிந்தபின் குழி தோண்டித் தங்கம் எடுத்து வந்தனர். 2009-ம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் 1 அவுன்ஸ் தங்கத்தின் விலை 1,000 டாலரைத் தாண்டி மேலும் ஏறத் தொடங்கியது. வயலில் ஒரு போகம் முழுவதும் உழைத்தாலும் கிடைக்காத பணம், சில வாரத் தாது வேலையில் கிடைத்தது. எனவே பலர் மண்வெட்டியையும் கடப்பாறையையும் எடுத்துக்கொண்டு குழிகளுக்குச் சென்றனர்.

இது பெரிய கம்பெனிகள் நடத்தும் சுரங்கம் போன்றதல்ல. ஆண்கள் கையால் தோண்டிய கல்லை மூட்டையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அங்குள்ள வழக்கப்படி மணமான பெண்கள் பெரும்பாலும் வீட்டு மதிலுக்குள்ளேயே இருப்பார்கள். எனவே கல்லை உடைப்பது, காய வைப்பது, அரைப்பது, நீரில் அலசுவது ஆகிய வேலைகள் பல வீடுகளில் முற்றத்திலேயே நடந்தன. சமைப்பதும் அங்கேதான். தானியம் உலர்த்துவதும் அங்கேதான். குழந்தைகள் புழுதியில் உருண்டு விளையாடுவதும் அங்கேதான்.

கல்லை அரைக்க மாவு அரைக்கும் இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. தானியத்தை மாவாக்கும் இயந்திரம் கல்லையும் மாவாக்கியது. கையால் இடித்தால் மணலாகத்தான் வரும். இயந்திரத்தில் உலர்ந்த நிலையில் அரைத்தபோது முகப் பவுடர் போன்ற நுண்ணிய தூசி எழுந்தது. அது காற்றில் பறந்தது. சுவரிலும், பாயிலும், பாத்திரத்திலும் படிந்தது. சில இடங்களில் தாது அரைத்த இயந்திரத்திலேயே சாப்பாட்டுக்கான தானியமும் அரைக்கப்பட்டது.

அரைத்த தூளை நீரில் அலசிக் கனமான பகுதியைப் பிரித்து, பாதரசம் சேர்த்துத் தங்கத்தை உருண்டையாக்கி, அதை நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். மிஞ்சுவது தங்கம். பாதரச ஆவியும் நஞ்சுதான். ஆனால் அங்கு குழந்தைகளைக் கொன்றது தாதுக் கல்லிலேயே இருந்த காரீயம்.

ஈயம் வேறு, காரீயம் வேறு

ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம் எனப்படும். காரீயம் என்பது வேறொரு உலோகம். கனமானது, கறுத்த நிறம் உடையது, எளிதில் உருகக்கூடியது. டிராக்டரிலும் லாரியிலும் உள்ள பாட்டரிகளின் தகடுகள், துப்பாக்கி ரவை, மீன் வலையில் கட்டும் குண்டு ஆகியவை காரீயத்தால் ஆனவை. உடலுக்கு இதனால் எவ்விதப் பயனும் இல்லை. எவ்வளவு குறைந்த அளவாக இருந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஜாம்பாராவில் தங்கம் இருந்த அதே பாறை இழையில் காரீயத் தாதுவும் ஏராளமாக இருந்தது. பூமிக்கு அடியில் உள்ள காரீயத் தாது கந்தகத்துடன் சேர்ந்திருக்கும். அது வயிற்றில் எளிதில் கரைவதில்லை. ஆனால் ஜாம்பாராவில் மேலாகக் கிடந்த தாது, காலப்போக்கில் மழையும் காற்றும் பட்டுச் சிதைந்து கார்பனேட் என்னும் உப்பாக மாறியிருந்தது. இந்த உப்பு வயிற்றில் சுரக்கும் அமிலத்தில் விரைவில் கரையும். நுண்ணிய தூசியாகவும், எளிதில் கரைவதாகவும் இருந்ததால் நஞ்சின் வேகம் பல மடங்கு கூடியது.

எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?

2010-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், "எல்லைகளற்ற மருத்துவர்கள்" என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் அப்பகுதியில் மூளைக்காய்ச்சல் பரவுகிறதா என்று பார்த்து வந்தனர். அப்போது சில கிராமங்களில் வழக்கத்துக்கு மாறாகப் பல குழந்தைகள் வலிப்பு வந்து இறந்திருப்பது தெரிந்தது. மலேரியா மருந்து கொடுத்தும் குணமாகவில்லை. உரிமமின்றித் தங்கம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் தாது வேலையைப் பற்றிப் பேசப் பலர் தயங்கினர். கடைசியில் குழந்தைகளின் ரத்தம் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. அதில் காரீயம் மிக அதிகமாக இருந்தது.

பின்னர் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் நிபுணர்கள் நைஜீரிய அதிகாரிகளுடன் சேர்ந்து டரேட்டா, யார்கல்மா ஆகிய இரு கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். 119 குடும்ப வளாகங்கள் பார்க்கப்பட்டன. அவற்றில் 5 வயதுக்கு உட்பட்ட 463 குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களில் 118 பேர் முந்தைய ஓராண்டுக்குள் இறந்துவிட்டிருந்தனர். அதாவது, நாலு குழந்தைகளுக்கு ஒன்று.

உயிரோடு இருந்தவர்களில் 204 குழந்தைகளின் ரத்தம் சோதிக்கப்பட்டது. ஒரு குழந்தைகூட நஞ்சுக்குத் தப்பவில்லை. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 45 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே மருந்து கொடுத்து அதை வெளியேற்ற வேண்டும் என்பது மருத்துவ விதி. அந்த 204 குழந்தைகளில் 198 பேருக்கு இந்த அளவோ இதற்கு மேலோ இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வளாகங்களில் தாது வேலை வீட்டுக்குள்ளேயே நடந்திருந்தது. தாது வேலை செய்த தாயின் குழந்தைக்கும், மண்ணில் காரீயம் கூடுதலாக இருந்த வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து அதிகம் என்பதும் இக்கணக்கெடுப்பில் தெளிவாயிற்று.

குழந்தைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

ஒரே முற்றத்தில் வாழ்ந்த பெரியவர்கள் பிழைத்திருக்க, குழந்தைகள் இறந்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, குழந்தை தரையில் தவழ்கிறது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறது. விரல் சூப்புகிறது. இதனால் தினந்தோறும் சிறிதளவு மண் வயிற்றுக்குள் போகிறது. நூறு கிராம் மண்ணில் ஒரு கிராம் காரீயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜாம்பாராவில் சில வீடுகளின் மண்ணில் இதைவிட அதிகமாகவே இருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான 100 மில்லிகிராம் உள்ளே போனாலும், 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம் காரீயம் போய்ச் சேரும். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தம் ஓடுவது ஏறக்குறைய 800 மில்லி ரத்தம்தான் என்பதை நினைத்தால் ஆபத்து விளங்கும்.

இரண்டாவது, உள்ளே போன காரீயத்தில் பெரியவர்களின் குடல் உறிஞ்சுவதைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் குடல் உறிஞ்சிவிடும். வளரும் உடலுக்குச் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் தேவை. அவை கிடைக்காதபோது குடல் காரீயத்தை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெறும் வயிறாக இருந்தாலும் இப்படித்தான். எனவே அரை வயிற்றுக்கு உண்ணும் ஏழைக் குழந்தையையே இந்த நஞ்சு அதிகம் தாக்குகிறது.

மூன்றாவது, குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. காரீயம் அந்த வளர்ச்சியைக் கெடுக்கிறது.

கர்ப்பிணிகளுக்கும் இதனால் கேடு உண்டு. உடலில் சேர்ந்த காரீயம் சுண்ணாம்புச் சத்தைப் போலவே எலும்பில் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துக் கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து சிசுவுக்குச் செல்லும்போது, காரீயமும் கூடவே செல்லும். கருச்சிதைவும் குறைப்பிரசவமும் ஏற்படலாம்.

அறிகுறிகள்

காரீய நஞ்சு தொடக்கத்தில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. குழந்தை சோர்ந்து இருக்கும். பசி இருக்காது. வயிற்று வலி, மலச்சிக்கல், வாந்தி வரலாம். ரத்தச் சோகையால் முகம் வெளுக்கும். எதற்கெடுத்தாலும் எரிச்சலுடன் அழும். இவை பூச்சித் தொல்லைக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் உள்ள அறிகுறிகளைப் போலவே இருப்பதால் ஏமாந்துவிட நேரிடும்.

நஞ்சு மிகும்போது மூளையில் வீக்கம் ஏற்படுகிறது. வலிப்பு வருகிறது. நினைவு தப்புகிறது. ஜாம்பாராவில் இறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இறப்பதற்கு முன் வலிப்பு வந்திருந்தது. பிழைத்த குழந்தைகள் சிலருக்குப் பார்வையும் கேட்கும் திறனும் கை கால் வலுவும் குறைந்தன. உயிருக்கு ஆபத்து இல்லாத அளவில் காரீயம் சேர்ந்தாலும் படிப்பில் மந்தம், கவனக் குறைவு, வளர்ச்சிக் குறைவு ஆகியவை ஏற்படும். மூளைக்கு ஏற்பட்ட இந்தச் சேதத்தை எந்த மருந்தாலும் திரும்பச் சரிசெய்ய முடியாது.

மருந்தும் மண்ணும்

ரத்தத்தில் உள்ள காரீயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியே கொண்டுவரும் மருந்து உள்ளது. ஜாம்பாராவில் வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து பயன்படுத்தப்பட்டது. 2010 ஜூன் முதல் 2011 ஜூன் வரை 5 வயதுக்கு உட்பட்ட 1,156 குழந்தைகளுக்கு 3,180 சுற்று மருந்து தரப்பட்டது. ஒரே சுற்றில் குணமாவதில்லை. எலும்பில் தங்கிய காரீயம் மீண்டும் ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருப்பதால் பல சுற்று தேவைப்பட்டது.

ஆனால் மருந்து மட்டும் போதாது. மருந்து சாப்பிட்ட குழந்தை அதே முற்றத்துக்குத் திரும்பினால் மறுபடியும் நஞ்சு ஏறும். கிணற்றில் செத்த நாயை எடுக்காமல் தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருப்பது போன்றது அது. எனவே முதலில் வீட்டைச் சுத்தம் செய்வது, பிறகு மருந்து கொடுப்பது என்ற முறை பின்பற்றப்பட்டது.

சுத்தம் செய்த விதம் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கக்கூடியது. தூசி படிந்த மேல்மண் சுமார் 5 சென்டி மீட்டர் ஆழத்துக்கு, அதாவது இரண்டு அங்குலம், மண்வெட்டியால் சுரண்டி எடுக்கப்பட்டது. நஞ்சு அதிகம் இருந்த இடங்களில் இன்னும் ஆழமாக வெட்டினர். சுரண்டிய மண் மூட்டைகளில் கட்டப்பட்டு, ஊருக்கு வெளியே குழியில் புதைத்து மூடப்பட்டது. பிறகு ஊருக்கு வெளியிலிருந்து நல்ல களிமண் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பிக் கெட்டித்தார்கள். நிபுணர்கள் அளந்து வழிகாட்ட, வேலையைச் செய்தவர்கள் அந்த ஊர் மக்களே. 2011 மார்ச் மாதத்துக்குள் 7 கிராமங்கள் இவ்வாறு சுத்தம் செய்யப்பட்டன.

பகேகாவின் காத்திருப்பு

எட்டாவது கிராமமான பகேகா மற்றவற்றைவிடப் பெரியது. அங்கு தாது அரைக்கும் இடமும், அதன் கழிவு கலந்த நீர்த்தேக்கமும் இருந்தன. ஆனால் சுத்தம் செய்யப் பணம் வரவில்லை. 2012-ம் ஆண்டு மே மாதம் தலைநகர் அபுஜாவில் நடந்த மாநாட்டில் அரசு உதவி செய்வதாக உறுதி கூறப்பட்டது. அதன்பின்னும் மாதங்கள் ஓடின. மண் மாறாதவரை மருந்து பயன்தராது என்பதால் அந்த ஊரின் நூற்றுக்கணக்கான குழந்தைகள் சிகிச்சையின்றிக் காத்திருந்தனர்.

2013 ஜனவரியில்தான் நைஜீரிய அரசின் பணம் விடுவிக்கப்பட்டது. அவ்வாண்டே பகேகாவின் மண் மாற்றப்பட்டு, சிகிச்சையும் தொடங்கியது. நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 2010-ல் பிறந்த குழந்தைக்கு அதுதான் மூளை மிக வேகமாக வளரும் காலம். கழிந்த அந்த ஆண்டுகளை எந்த நிதியும் திருப்பித் தர முடியாது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் பணியை 2022-ல் முடித்துக்கொண்டது. அதற்குள் சுமார் 3,500 குழந்தைகள் சிகிச்சையில் சேர்க்கப்பட்டிருந்தனர்.

ஜாம்பாராவோடு முடியவில்லை

2015-ம் ஆண்டில் அதே நைஜீரியாவின் நைஜர் மாநிலத்தில், ஷிகிரா பகுதியில், இதே காரணத்தால் 28 குழந்தைகள் இறந்தனர். ஒரு ஊரில் கற்ற பாடம் அடுத்த ஊருக்குப் போய்ச் சேராததன் விளைவு அது.

சுரங்கத்தை மூடிவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. ஜாம்பியா நாட்டில் கப்வே என்ற நகரில் பெரிய காரீயச் சுரங்கமும் உலையும் பல பத்தாண்டுகள் இயங்கி, 1994-ல் மூடப்பட்டன. ஆனால் கழிவுக் குவியல் அங்கேயே கிடக்கிறது. காற்றடிக்கும்போது தூசி குடியிருப்புகளில் படிகிறது. சுரங்கம் மூடிய பிறகு பிறந்த குழந்தைகளின் ரத்தத்திலும் காரீயம் அதிகமாகவே காணப்படுகிறது. காரீயம் மக்கிப் போவதில்லை. மண்ணில் விழுந்தது மண்ணிலேயே இருக்கும்.

சுரங்கமே இல்லாத ஊரிலும் இந்த நஞ்சு வரலாம். செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே உள்ள தியாரோய் என்ற கடலோரக் குடியிருப்பில், பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் தொழில் நடந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கு 18 குழந்தைகள் இறந்தனர். பாட்டரி பயன்படுத்தும் விவசாயிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. உணவு தானியம் அரைக்கும் மில்லில் கல், தாது, வண்ணப்பொடி, ரசாயனம் எதையும் அரைக்க இடம் தரக் கூடாது. அவ்வாறு அரைத்த இயந்திரத்தைக் கழுவிவிட்டுத் தானியம் அரைப்பதும் ஆபத்தே. தாதுவோ ரசாயனமோ கட்டிய சாக்கில் தானியம் நிரப்பக் கூடாது.

2. பழைய டிராக்டர் பாட்டரியை வீட்டில் உடைப்பதோ தகட்டை உருக்குவதோ கூடாது. முழு பாட்டரியாகவே உரிய கடையில் திருப்பித் தர வேண்டும். பாட்டரி உருக்கும் பட்டறை குடியிருப்பு அருகிலோ, வயல் அருகிலோ, கிணற்று அருகிலோ தொடங்கப்பட்டால் ஊரார் சேர்ந்து அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. சுரங்கம், உலை, பாட்டரிப் பட்டறை ஆகியவற்றில் வேலை செய்வோர் வேலை உடுப்பை அங்கேயே மாற்றி, குளித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். அந்த உடுப்பை வீட்டுத் துணிகளோடு துவைக்கக் கூடாது. தூசியோடு குழந்தையைத் தூக்கக் கூடாது.

4. இத்தகைய இடங்களுக்கு அருகில் வசிப்போர் முற்றத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் நீர் தெளித்துப் பெருக்க வேண்டும். தானியம், வற்றல் ஆகியவற்றை வெறும் தரையில் உலர்த்தக் கூடாது. கீரையை வேரும் மண்ணும் போகப் பல முறை கழுவ வேண்டும். சாப்பிடுமுன் குழந்தைகளின் கைகளைக் கழுவிவிட வேண்டும்.

5. காய்ச்சலே இல்லாமல் குழந்தைக்கு வலிப்பு வந்தாலும், அடுத்தடுத்த வீடுகளில் குழந்தைகளுக்கு ஒரே மாதிரி நோய் வந்தாலும் மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அருகில் என்ன தொழில் நடக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை மட்டுமே நோயை உறுதிப்படுத்தும்.

6. குழந்தைகளுக்கு வேளை தவறாமல் உணவு கொடுக்க வேண்டும். கேழ்வரகு, பால், மோர், முருங்கைக்கீரை போன்ற சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உள்ள உணவுகள் காரீயம் உடலில் ஏறுவதைக் குறைக்கும். ஆனால் நஞ்சுள்ள இடத்தைச் சுத்தம் செய்வதற்கு உணவு ஒருபோதும் ஈடாகாது.

ஜாம்பாராவின் பெற்றோர் பிள்ளைகளின் வயிற்றுப்பாட்டுக்காகத்தான் அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அதில் நஞ்சு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கண்ணுக்கு அது சாதாரணக் கல், மணம் இல்லை, சுவையும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஊருக்கு வெளியே ஒரு பொது இடத்தில், நீர் ஊற்றி ஈரமாக அரைத்து, குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வீடு வந்திருப்பார்கள். பின்னர் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கப்பட்ட முறையும் அதுதான். அதற்குச் செலவு மிகக் குறைவு. புதிதாக ஒரு வருமானம் வீட்டு வாசலுக்கு வரும்போது, அதோடு கூட என்ன தூசி வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.